பொருள் விவரம்

முனிலட்சுமி 'சஞ்சி' என்றாள்.
நான் 'கைப்பை' என்று எழுதினேன்.
தப்பு அங்கேதான் தொடங்கியது.

வேப்பனப்பள்ளி ஸ்டேஷன், மாம்பழ சீசன்.
மாங்கூழ் கம்பெனியில் கொட்டை நீக்குகிறவள்.
விரல் பத்தும் மஞ்சள்.
மனுவின் அடியில் ரேகை வைத்தாள்,
நீல மை பச்சையாக விழுந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற பஸ்ஸில் தொலைந்திருக்கிறது.
உள்ளே என்னம்மா இருந்தது?
முந்நூற்று நாற்பது ரூபாய்,
கொட்டைப்பாக்கு ரெண்டு,
சுண்ணாம்பு டப்பி, கம்பெனி டோக்கன்,
ஒரு சாவி.
எதோட சாவி?
"பூட்டு போன வருசமே தொலைஞ்சிடுச்சுங்க."
அதையும் எழுதினேன்.

எனக்குக் கடத்தூர்.
எங்கள் பக்கம் அது சுருக்குப்பை.
சொல்லுக்குள்ளேயே கயிறு இருக்கும்,
இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.
சஞ்சியில் கயிறு எங்கே இருக்கிறது
என்று மதியம் முழுக்க யோசித்தேன்.

ரைட்டர் கோதண்டராமய்யா வீட்டில் தெலுங்கு.
"எங்க சொல்லும்மா அது.
சிமெண்டு மூட்டையும் சஞ்சி, மார்க்கெட் பையும் சஞ்சி."
ஜீப் ஓட்டும் பசவராஜு விடவில்லை.
"சஞ்சின்னா வெத்தலை வெக்கறது மட்டும் மேடம்.
மூட்டைக்குக் கன்னடத்துல வேற பேரு."
பக்கத்து வீட்டு நாய்மீது புகார் கொடுக்க வந்து
பெஞ்சில் காத்திருந்த தமிழ் வாத்தியார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சஞ்சயம் என்றால் சேர்த்து வைப்பது,
சஞ்சிகைகூட அந்த வழியில் வந்திருக்கலாம்,
உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார்.
நாய் விஷயத்தில் இருந்த உறுதி
சொல் விஷயத்தில் அவருக்கு இல்லை.

மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற ஊர்.
எல்லைக்கல்லை எண்ணிவிடலாம்.
ஒரு சொல் எந்தப் பஸ்ஸில் ஏறி
எங்கே இறங்கியது என்று
யாரிடம் டிக்கெட் கேட்பது?

முனிலட்சுமிக்குக் கம்பெனி வேன் கிளம்பும் நேரம்.
"யாருதா இருந்தா இன்னாங்க.
கடன் கேக்கறவன் எதிர்ல நிப்பான்.
நாம இடுப்புல இருந்து எடுத்து
முடிச்ச அவுப்போம். ரெண்டு சுத்து.
அவுக்கறதுக்குள்ள நமக்கு மனசு மாறிடும்,
இல்லேன்னா அவனுக்கு மாறிடும்.
அதான் சஞ்சி."

இந்தப் பொருளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த பதினாறு நாளில் மூன்று கைப்பை வந்தன.
ஜிப் போனது ஒன்று.
கல்யாண மண்டபம் பேர் போட்டது ஒன்று.
பளபளவென்று ஒன்று, உள்ளே குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ்.
ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டோம்.
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து
கையில்கூட வாங்காமல் திரும்பினாள்.

பதினேழாம் நாள்
குப்பம் பஸ் கண்டக்டர் மேசையில் வைத்துவிட்டுப் போனது
பழைய ரவிக்கைத் துணி, ஊதா, கையகலம்,
அழுக்கில் கறுத்த இரட்டைக் கயிறு.
இன்ஸ்பெக்டர் பேனா நுனியால் தூக்கிப் பார்த்தார்.
"பேப்பர்ல கைப்பை.
இது பையே இல்ல, துணி. எப்படிக் கொடுக்கறது?"

கைப்பையை அடித்தேன்.
மேலே சஞ்சி என்று எழுதி
சுருக்கெழுத்திட்டுத் தேதி போட்டேன்.
"எந்த பாஷைம்மா இது?"
"வேப்பனப்பள்ளி சார்."
கொஞ்சம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அவள் என் முன்னால் நின்றே அவிழ்த்தாள். ரெண்டு சுற்று.
பணம் இல்லை. டோக்கன் இல்லை.
பாக்கு ஒன்று குறைந்திருந்தது.
எடுத்தவன் நின்று நிதானமாக மென்றிருக்கிறான்.
சாவி இருந்தது.
அதை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு
மறுபடி உள்ளே போட்டு, இழுத்து, சுற்றி,
இடுப்பில் செருகினாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
"பஸ்சுக்கு இருபது ரூவா இருக்குங்களா?"

என் பர்ஸில் ஜிப்.
ஒரே இழுப்பு.
மனசு மாற நேரமே இல்லை.